தாளம் யார் கையில்?

பேகடா ஆலாபனை. பாடகர் மேல் சட்ஜத்தில் போய் நின்றுவிட்டார். வயலினும் அவரோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பின்னால் தம்புரா மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து ஒரு 'டிக்'. சற்று நேரம் கழித்து இன்னொரு 'டிக்'.

"தம்புரா நடுவுல என்னடா டிக்டிக்குங்குது? பல்லி கத்துதா?" என்று கூடத்திலிருந்து கேட்டார் அம்மா.

பல்லி இல்லை. வீட்டில் இருந்த சி.டி.க்களை எல்லாம் வன்தட்டில் ஏற்றி, உள்ளங்கையில் அடங்கும் ஒரு பழைய சிறு கணினியை மியூசிக் சர்வராக்கி, அதிலிருந்து ஒரு யூ.எஸ்.பி. கம்பியை டாக் பெட்டிக்கும், அங்கிருந்து ஆம்ப்ளிபையருக்கும் கொடுத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. டாக் என்பது எண்களை மின்னலையாக மாற்றும் கருவி; டிஜிட்டலை அனலாக்காக்குவது அதன் ஒரே வேலை. அந்த ஒரு வாரமும் குத்துப்பாட்டாகப் போட்டுக் கேட்டதால் 'டிக்' என் காதில் விழவில்லை. நாலு டிரம்முக்கு நடுவே அது ஐந்தாவது டிரம்மாகக் கலந்துவிட்டது. தம்புராவில் அதற்கு ஒளிய இடமில்லை.

கம்பியை மாற்றினேன். பிளக் பாயின்ட்டை மாற்றினேன். டாக்கைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். கடைசியில் குற்றவாளி சர்வரின் அமைப்புப் பக்கத்தில், நானே தட்டிக் கொடுத்த ஓர் எண்ணாக உட்கார்ந்திருந்தது. அது எந்த எண் என்று சொல்வதற்கு முன்னால், அந்த ஒரு மீட்டர் கம்பிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

எது, எப்போது

சி.டி. தரத்தில் பதிவான இசை என்பது எண்களின் வரிசை. ஒலி அலையின் உயரத்தை ஒரு வினாடிக்கு 44,100 முறை அளந்து எழுதி வைத்திருக்கிறார்கள். ஒவ்வோர் அளவும் 16 பிட். அதாவது, 65,536 படிகளுள்ள ஏணியில் அந்தக் கணத்தில் அலை எந்தப் படியில் நின்றது என்ற கணக்கு. இடது, வலது என்று இரண்டு தடம். பெருக்கினால் வினாடிக்கு 14,11,200 பிட்.

அதென்ன 44,100? மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதற்கு இருமடங்குக்குச் சற்று மேல் மாதிரி எடுத்தால் போதும் என்பது ஹாரி நைக்விஸ்ட், கிளாட் ஷானன் ஆகியோரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் தேற்றம். ஆனால் 40,000-க்கு மேல் எத்தனையோ எண்கள் இருக்கின்றன. இதைத் தேர்ந்தெடுக்க வைத்தது காது அல்ல, வீடியோ டேப். 1970-களின் பிற்பகுதியில் அத்தனை பிட்களைப் பதிந்து வைக்கக் கைக்கு எட்டிய சாதனம் அதுதான். அமெரிக்க, ஜப்பானிய வீடியோ முறையில் வினாடிக்கு 60 அரைப்படம். ஒவ்வொன்றிலும் பயன்படுத்த முடிந்த கோடுகள் 245. கோட்டுக்கு 3 மாதிரி. 60 × 245 × 3 = 44,100. ஐரோப்பிய முறையில் 50 × 294 × 3, அதுவும் 44,100-தான். 1982-இல் ஜப்பானில் சி.டி. கடைக்கு வந்தபோது இந்த எண்ணும் அதோடு வீட்டுக்குள் வந்தது. பின்னாளில் வீடியோத் துறையும் கணினிகளும் 48,000-ஐப் பிடித்துக்கொண்டன. இந்த இரண்டு குடும்பங்களுக்கும் இன்றுவரை ஒத்துப்போவதில்லை. அந்தச் சண்டை பிறகு வரும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு கேள்விகள் உண்டு: எது, எப்போது. எந்தப் படி என்பது கோப்பில் எழுதியிருக்கிறது. எந்தக் கணத்தில் என்பது கோப்பில் இல்லை. 'வினாடிக்கு 44,100' என்ற குறிப்பு மட்டும் இருக்கும். அந்த 44,100 தட்டுகளையும் சீராகத் தட்டிக் கொடுக்க எங்கோ ஒரு குவார்ட்ஸ் படிகம் துடிக்க வேண்டும். எண் சரியாக இருந்து கணம் தவறினாலும் அலை கோணிப்போகும். யூ.எஸ்.பி. அமைப்புகளின் கதை முழுவதும் இந்த இரண்டு கேள்விகளுக்குள் அடங்கிவிடும்.

மில்லிவினாடிக்கு ஒரு பேருந்து

யூ.எஸ்.பி.யின் முதல் விதிமுறை 1996 ஜனவரியில் வெளிவந்தது. அதை உருவாக்கியதில் முன்னின்றவர், வதோதராவில் படித்து அமெரிக்கா சென்று இன்டெலில் பணியாற்றிய அஜய் பட். மவுஸ், விசைப்பலகை, பிரிண்டர் என்று ஆளுக்கொரு துளை வைத்திருந்த கணினியில் எல்லாவற்றுக்கும் ஒரே துளை போதும் என்பது நோக்கம். அந்த வரைவிலேயே ஒலிக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

பிரிண்டருக்குப் போகும் தகவலில் பிழை நேர்ந்தால் திரும்ப அனுப்பலாம். பக்கம் அரை வினாடி தாமதமாக வந்தால் யாரும் கவலைப்படப் போவதில்லை. இசைக்கு அது சரிப்படாது. அரை வினாடி தாமதமாக வரும் மிருதங்க அடி வராமலே இருந்தால் நல்லது. அதனால் இசைக்கு 'ஐசாக்ரனஸ்' என்ற தனி முறை வைத்தார்கள். இதை முன்பதிவு செய்த பேருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். மில்லிவினாடிக்கு ஒரு பேருந்து கிளம்பும். இசைக்கு இருக்கை உறுதி. எத்தனை பிரிண்டர்கள் வரிசையில் நின்றாலும் அந்த இருக்கையில் வேறு யாரும் உட்கார முடியாது. ஆனால் நிபந்தனையும் கடுமையானது. பயணி வந்து சேராவிட்டாலும் பேருந்து நேரத்துக்குக் கிளம்பிவிடும். வழியில் ஒருவர் தவறி விழுந்தாலும் திரும்பிப் போய் ஏற்றிக்கொள்ளாது. பிழை நேர்ந்ததா என்று சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. மறுபடி கேட்டு வாங்க வழி இல்லை.

ஒரு பேருந்தில் எத்தனை மாதிரிகள் ஏறும்? 48,000 என்றால் மில்லிவினாடிக்குச் சரியாக 48. சிக்கலே இல்லை. 44,100 என்றால் 44.1. மாதிரியைப் பத்தில் ஒரு பங்காக வெட்ட முடியாது. எனவே ஒன்பது பேருந்துகளில் 44, பத்தாவதில் 45. மொத்தம் 441. பிறகு மறுபடி ஒன்பது நாற்பத்துநாலு, ஒரு நாற்பத்தைந்து. சி.டி.யிலிருந்து எடுத்த பாட்டு ஓடும்போதெல்லாம் அந்தக் கம்பிக்குள் இந்தப் பத்து அட்சரத் தாளம் ஓடிக்கொண்டிருக்கிறது.

யார் தாளம் போடுவது?

இரண்டு பெட்டிகள், இரண்டு குவார்ட்ஸ் படிகங்கள். சர்வருக்குள் ஒன்று, டாக்குக்குள் ஒன்று. இரண்டும் ஒரே வேகத்தில் துடிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பத்து லட்சத்துக்கு 50 பங்கு வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணப் படிகங்களுக்கு இது சகஜம். 44,100-இல் அது வினாடிக்கு 2.2 மாதிரி. சின்ன எண்தான். ஆனால் சர்வர் தன் வேகத்துக்கு அனுப்பி, டாக் தன் வேகத்துக்கு வாசித்தால், வினாடிக்கு இரண்டு மாதிரிகள் மிஞ்சும் அல்லது குறையும். இடையில் 10 மில்லிவினாடி அளவு, அதாவது 441 மாதிரிகள் கொள்ளும் தொட்டி ஒன்று இருந்தால், 200 வினாடியில் அது நிரம்பி வழியும் அல்லது வற்றிப்போகும். மூன்று நிமிடம் இருபது வினாடிக்கு ஒரு 'டிக்'.

ஆகவே ஒருவர் தாளம் போட, மற்றவர் ஒத்துப்போக வேண்டும். யார் போடுவது என்பதற்கு யூ.எஸ்.பி. ஒலி விதிமுறை மூன்று விடைகள் வைத்திருக்கிறது.

முதலாவது சிங்க்ரனஸ். பேருந்து கிளம்பும் நேரமே தாளம். டாக் அதோடு தன்னைப் பூட்டிக்கொள்ளும்.

இரண்டாவது அடாப்டிவ். வந்து சேரும் மாதிரிகளின் வேகத்தைப் பார்த்துப் பார்த்து டாக் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டே போகும். பழைய, மலிவான டாக்குகள் பெரும்பாலும் இந்த ரகம். இதில் ஒரு தொல்லை உண்டு. டாக்கின் உள்ளே மாற்றும் சில்லுக்குத் தேவைப்படும் துடிப்பு வினாடிக்கு 1 கோடிக்கும் மேல். 44,100-ஐ 256-ஆல் பெருக்கினால் வரும் 1,12,89,600 என்பது வழக்கமான ஓர் எண். வெளியிலிருந்து கிடைக்கும் குறிப்போ மில்லிவினாடிக்கு ஒரு தட்டு. கையில் இருக்கும் ஒரு தட்டிலிருந்து பதினோராயிரம் தட்டுகளை ஊகித்துப் போட வேண்டும். தாளம் போடுபவரின் கை நடுங்கினால் அந்த நடுக்கம் அப்படியே வித்வானுக்குத் தொற்றும். இந்த நேர நடுக்கத்துக்குப் பெயர் 'ஜிட்டர்'.

மூன்றாவது ஏசிங்க்ரனஸ். இங்கே பாத்திரங்கள் இடம் மாறுகின்றன. டாக் தன் படிகத்தின் வேகத்தில் நிம்மதியாக வாசிக்கும். அவ்வப்போது சர்வருக்குத் திரும்பிச் சொல்லியனுப்பும்: 'எனக்கு மில்லிவினாடிக்கு 44.1 அல்ல, 44.1002 வேண்டும்.' அதைக் கேட்டு சர்வர் அங்கொரு பேருந்தில் ஒரு மாதிரியைக் கூட்டியோ குறைத்தோ ஏற்றும். தொட்டி நிரம்பவும் நிரம்பாது, வற்றவும் வற்றாது. தாளம் வித்வான் கையிலேயே இருக்கிறது. படிகம் மாற்றும் சில்லுக்குப் பக்கத்திலேயே அமர்ந்திருக்கிறது. நல்ல டாக்குகளில் இரண்டு படிகங்களைக் காணலாம்: 44,100 குடும்பத்துக்கு ஒன்று, 48,000 குடும்பத்துக்கு ஒன்று.

இந்த மூன்றாவது வழி தொடக்கத்திலிருந்தே விதிமுறையில் இருந்தது. ஆனால் இதற்கான நிரலை டாக்குக்குள் எழுதுவது கடினம் என்பதால் வீட்டு இசைக் கருவிகள் வெகுகாலம் அதைத் தொடவில்லை. 2000-களில் இதைக் கையில் எடுத்துப் பரவலாக்கியவர்களில் வேவ்லெங்த் ஆடியோவின் கார்டன் ராங்கின் முக்கியமானவர். இன்று கடையில் டாக் வாங்கினால் அநேகமாக ஏசிங்க்ரனஸ்தான் கையில் வரும்.

ஆகவே 'எப்போது' என்ற கேள்வியில் சர்வர் அமைப்புகளுக்கு இனிப் பெரிய வேலை இல்லை. டாக் கேட்கிறது, சர்வர் கொடுக்கிறது. கேட்கும் நேரத்தில் கையில் மாதிரி தயாராக இருக்க வேண்டும்; அவ்வளவுதான்.

96-இல் ஏன் நின்றது?

சில டாக்குகளின் முதுகில் ஒரு சிறு சுவிட்சு இருக்கும். அல்லது மெனுவுக்குள் 'யூ.எஸ்.பி. 1' அல்லது 'யூ.எஸ்.பி. 2' என்று தேர்ந்தெடுக்கச் சொல்லும். பலர் இதை அப்படியே விட்டுவிட்டு, 192 கிலோஹெர்ட்ஸ் கோப்பு ஏன் பாடவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். விடை எளிய பெருக்கல் கணக்கு.

1998-இல் வந்த முதல் ஒலி வகுப்பை வழக்கமாக வினாடிக்கு 1.2 கோடி பிட் ஓடும் பழைய பாதையில்தான் ஓட்டுகிறார்கள். அதில் ஒரு பேருந்தில் ஏறக்கூடிய அதிகபட்சம் 1,023 பைட். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், இரண்டு தடம் என்றால் 96 × 3 × 2 = 576 பைட். இடம் தாராளமாக இருக்கிறது. 192 என்றால் 1,152 பைட். கதவு மூடாது. அதனால்தான் பழைய டாக்குகள் 96-உடன் நின்றுவிட்டன.

2006-இல் வந்த இரண்டாம் ஒலி வகுப்பு, யூ.எஸ்.பி. 2-இன் 48 கோடி பிட் பாதையைப் பயன்படுத்திக்கொண்டது. அங்கே மில்லிவினாடிக்கு ஒன்று என்பது போய், 125 மைக்ரோவினாடிக்கு ஒரு பேருந்து. 384-உம் ஏறும், அதற்கு மேலும் ஏறும். லினக்ஸ் 2010-இல் இந்த வகுப்பைக் கற்றுக்கொண்டது. விண்டோஸ் 2017-இல்தான் தன் சொந்த டிரைவரோடு வந்தது. அதுவரை விண்டோஸ் வைத்திருந்தவர்கள் டாக்கோடு கொடுத்த டிரைவரை நிறுவிக்கொண்டு சமாளித்தார்கள். வீட்டு மியூசிக் சர்வர்கள் லினக்ஸ் பக்கம் சாய்ந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2012-இல் ராஸ்ப்பெர்ரி பை என்ற மலிவான சிறு கணினி வந்ததும் அந்தச் சாய்வு உறுதியாகிவிட்டது.

ஆகவே முதல் அமைப்பு இதுதான்: டாக்கில் தேர்வு இருந்தால் யூ.எஸ்.பி. 2-ஐ வையுங்கள். பழைய விண்டோஸ் கணினி ஒன்றில் டிரைவர் இல்லாமல் செருகியே தீர வேண்டும் என்றால் மட்டும் 1.

சர்வர் ருசி பார்க்கக் கூடாது

'சர்வர்' என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ஓட்டல் சர்வர். அந்தப் பொருளையே பிடித்துக்கொண்டால் அடுத்த அமைப்புகள் எல்லாம் தாமாகப் புரியும். சமையலறையில் கொடுத்ததை மேசைக்குக் கொண்டுவருவது சர்வரின் வேலை. வழியில் ருசி பார்த்து, உப்புப் போட்டு, தண்ணீர் விட்டு விளாவிக்கொண்டு வந்தால் அவர் நல்ல சர்வர் அல்லர். கோப்பில் இருந்த ஒவ்வொரு பிட்டும் மாறாமல் டாக்கை அடைந்தால் அதற்குப் பெயர் 'பிட் பெர்ஃபெக்ட்'. 'எது' என்ற கேள்விக்குச் சரியான விடை அது.

ஆனால் கணினியின் இயல்பு விளாவுவது. பாட்டு ஓடும்போதே செய்தி மணியும் அடிக்க வேண்டும், வீடியோவும் பேச வேண்டும். எல்லாவற்றையும் ஒரு பானையில் கலக்க வேண்டுமானால் எல்லாமே ஒரே மாதிரி வேகத்தில் இருக்க வேண்டும். அந்தப் பானைக்குப் பெயர் மிக்சர். அதன் வேகம் பெரும்பாலும் 48,000. சி.டி.யின் 44,100 அதற்குள் விழுந்தால் 48,000-ஆக மாற்றப்படும். இரண்டின் விகிதம் 147-க்கு 160. அதாவது, பழைய மாதிரிகளில் பெரும்பாலானவை தூக்கி எறியப்பட்டு, அவற்றின் இடையிடையே கணக்குப் போட்டுப் புதிய எண்கள் எழுதப்படுகின்றன. நன்றாகக் கணக்குப் போட்டால் காதுக்குத் தெரியாது. அவசரக் கணக்குப் போட்டால் தெரியும். கணக்கே தேவையில்லை என்பதுதான் நம் வாதம். டாக்குக்கு 44,100 நன்றாகவே தெரியும்.

லினக்ஸ் சர்வர்களில் பாட்டைக் கையாள்வது பெரும்பாலும் மியூசிக் பிளேயர் டீமன் என்ற இலவச மென்பொருள். வால்யூமியோ, மூட் போன்ற தொகுப்புகள் அதைச் சுற்றிக் கட்டப்பட்டவை. அதற்குக் கீழே ஒலியை வன்பொருளுக்கு அனுப்புவது ஆல்சா. டாக்குக்குள் நுழைய ஆல்சாவில் இரண்டு வாசல் உண்டு. ஒன்று நேர்வாசல். டாக்குக்குத் தெரியாத வேகத்தில் எதையாவது கொடுத்தால் 'முடியாது' என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடும்; பாட்டு வராது. இன்னொன்று 'பிளக்' என்ற பெயர் கொண்ட வாசல். எதைக் கொடுத்தாலும் சிரித்துக்கொண்டே வாங்கி, டாக்குக்குத் தோதாக மாற்றிக் கொடுத்துவிடும்; உங்களிடம் சொல்லாது. நேர்வாசலைத் தேர்ந்தெடுங்கள். கோபக்காரர்தான், ஆனால் பொய் சொல்ல மாட்டார். டாக்கை வரிசை எண்ணால் குறிக்காமல் பெயரால் குறிப்பதும் நல்லது. கணினியை மறுபடி இயக்கும்போது எண்கள் இடம் மாறும். நேற்று டாக்காக இருந்த எண் இன்று டி.வி.க்குப் போகும் எச்.டி.எம்.ஐ. ஆகிவிடும்.

விண்டோஸில் இதற்கு இணையானது 'எக்ஸ்குளூசிவ்' என்ற தேர்வு. டாக்கை ஒரே மென்பொருளுக்குக் குத்தகைக்கு விட்டு, மிக்சரை ஒதுக்கிவிடும்.

அடுத்தது ஒலியளவு. சர்வரில் ஒலியளவைக் குறைப்பது என்றால் ஒவ்வோர் எண்ணையும் ஒரு பின்னத்தால் பெருக்குவது. ஒலியளவை 6 டெசிபல் குறைத்தால் எண்கள் பாதியாகும்; ஏறத்தாழ ஒரு பிட் அடிமட்டத்திலிருந்து உதிரும். 16 பிட் பாட்டை 16 பிட்டாகவே அனுப்பினால் 24 டெசிபல் குறைப்பில் நான்கு பிட் போய்விடும். அதே பாட்டை 24 பிட் பாத்திரத்தில் வைத்தால் கீழே எட்டு பிட் காலியாக இருக்கிறது. 48 டெசிபல் வரை குறைத்தாலும் எதுவும் உதிராது. எனவே ஆம்ப்ளிபையரில் குமிழ் இருந்தால் சர்வரின் ஒலியளவை அறவே முடக்கிவிடுங்கள். இல்லையென்றால், வெளியீட்டை 24 அல்லது 32 பிட்டாக வைத்துவிட்டு நிம்மதியாகக் குறையுங்கள். ஒலியளவை முடக்கும் முன் ஆம்ப்ளிபையர் குமிழைத் தாழ்த்த மறக்க வேண்டாம். முழு ஒலியில் வரும் முதல் தவில் அடி ஸ்பீக்கரையும் பதம் பார்க்கும், பக்கத்து வீட்டாரையும் பதம் பார்க்கும்.

இந்த அறிவுரை கட்டாயச் சட்டமாக மாறும் இடம் ஒன்று உண்டு: டி.எஸ்.டி. கோப்புகள். இவற்றில் மாதிரிக்கு ஒரே பிட்தான்; ஆனால் வினாடிக்கு 28,22,400 பிட். இதை வழக்கமான யூ.எஸ்.பி. பாதையில் அனுப்ப ஒரு மாறுவேட உத்தி இருக்கிறது. 16 பிட்களைச் சேர்த்து 24 பிட் பாத்திரத்தில் வைத்து, மேலே உள்ள எட்டு பிட்டில் ஓர் அடையாளக் குறி இடுவார்கள். வினாடிக்கு 1,76,400 பாத்திரங்கள். குறியைக் கண்டதும் டாக் 'இது டி.எஸ்.டி.' என்று புரிந்துகொள்ளும். வழியில் யாராவது ஒலியளவுக்காக ஒரு பெருக்கல் போட்டால் குறி சிதையும், மாறுவேடம் கலையும், ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல் கொட்டும். உங்கள் சர்வர் ருசி பார்க்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க இதைவிட நேர்மையான சோதனை இல்லை. ஒலியை நன்றாகக் குறைத்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

என் எண்

இப்போது அந்த 'டிக்'குக்கு வருவோம்.

வன்தட்டிலிருந்து பாட்டைப் படித்து, விரித்து, பேருந்தில் ஏற்றுவதற்கு முன் சர்வர் அதை ஒரு தொட்டியில் தேக்கி வைக்கும். அதற்குப் பெயர் பஃபர். தொட்டி சிறியதாக இருந்தால் 'கணினி குறைவாக வேலை செய்யும், ஒலி துல்லியமாகும்' என்று எங்கோ படித்திருந்தேன். நம்பிவிட்டேன். தொட்டியை 256 மாதிரிகளாகச் சுருக்கினேன். 256-ஐ 44,100-ஆல் வகுத்தால் 5.8 மில்லிவினாடி. அதாவது ஆறு பேருந்துக்குக்கூடக் காணாத சரக்கு.

சாதாரண நேரத்தில் இதுவே போதுமாக இருந்தது. ஆனால் புதிதாக ஏற்றிய பாட்டுகளுக்குப் பட்டியல் போடும் வேலையும் அந்தச் சிறு கணினியின் தலையில்தான் இருந்தது. வன்தட்டைத் துழாவி, வலையில் படம் தேடி, பட்டியலில் சேர்க்கும் மும்முரத்தில் பத்து மில்லிவினாடி அது திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குள் தொட்டி வற்றிவிட்டது. பேருந்து காலியாகக் கிளம்பியது. யூ.எஸ்.பி. இருக்கையை ஒதுக்கி வைத்திருந்தது உண்மை. பயணியைக் கொண்டுவந்து ஏற்ற ஆள் இல்லை. பேருந்து காத்திருக்காது என்று முன்பே சொன்னேன். தம்புராவின் அலை நடுவில் அறுந்து மறுபடி தொடங்கியது. அந்த அறுபட்ட முனைதான் 'டிக்'.

தொட்டியை 4,096 ஆக்கினேன்; 93 மில்லிவினாடி. 'டிக்' நின்றது. பாட்டுக் கேட்பவருக்குப் பெரிய தொட்டியால் ஒரு நஷ்டமும் இல்லை. பொத்தானை அழுத்திப் பத்தில் ஒரு வினாடி கழித்துப் பாட்டு தொடங்கினால் என்ன? சிறிய தொட்டி வேண்டியது பாடிக்கொண்டே தன் குரலை ஹெட்போனில் கேட்கும் பாடகருக்கு. அவருக்கு ஒவ்வொரு மில்லிவினாடியும் கணக்கு. அவருடைய மருந்தை நான் குடித்துவிட்டேன்.

வேறு இரண்டு சின்னக் காரணங்களையும் இங்கேயே சொல்லிவிடலாம். டாக்கையும் வன்தட்டையும் ஒரே மலிவான ஹப்பில் செருகாதீர்கள். டாக்குக்குக் கணினியின் சொந்தத் துளை ஒன்றைக் கொடுங்கள். 2019-இல் வந்த ராஸ்ப்பெர்ரி பை 4 போன்றவற்றில் வலைக் கம்பிக்கு யூ.எஸ்.பி.யைத் தொடாத தனிப்பாதை இருப்பது இந்த வகையில் அனுகூலம். இன்னொன்று, ஒவ்வொரு பாட்டின் முதல் அரை வினாடி விழுங்கப்பட்டால், சர்வரின் மின்சேமிப்பு அமைப்பைப் பாருங்கள். சும்மா இருக்கும் யூ.எஸ்.பி. கருவியை அது தூங்க வைத்துக்கொண்டிருக்கலாம்.

கம்பியில் பாட்டு மட்டும் வருவதில்லை

யூ.எஸ்.பி. 2 கம்பிக்குள் நான்கு இழைகள். இரண்டு தகவலுக்கு, ஒன்று 5 வோல்ட் மின்சாரம், ஒன்று தரை. பிட்கள் தகவல் இழைகளில் பத்திரமாகத்தான் போகின்றன. தொல்லை தரை இழையில். சர்வருக்கு ஒரு அடாப்டர், ஆம்ப்ளிபையருக்கு வேறு பிளக் பாயின்ட். இரண்டின் தரையும் யூ.எஸ்.பி. வழியாகக் கைகோத்துக்கொண்டால் ஒரு வளையம் உருவாகும். அதில் நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் சுற்றத் தொடங்கும். ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம். இது அமைப்புப் பக்கத்தில் தீராத வியாதி.

முதலில் எல்லாப் பெட்டிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் செருகிப் பாருங்கள். பலருக்கு அதோடு சரியாகிவிடும். டாக்கில் ஆப்டிகல் துளை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். கண்ணாடி இழையோ பிளாஸ்டிக் இழையோ மின்சாரத்தைக் கடத்தாது. யூ.எஸ்.பி.தான் வேண்டும் என்றால், இரண்டு பெட்டிகளின் தரையையும் பிரித்து வைக்கும் ஐசோலேட்டர் கிடைக்கிறது. மலிவானவை பல பழைய 1.2 கோடி பிட் பாதையில் மட்டும் ஓடுபவை. அவற்றைப் போட்டால் மறுபடி 96-உடன் நின்றுவிடுவீர்கள். என்ன செய்தாலும், ரீங்காரத்தை ஒழிக்கிறேன் என்று மூன்றுமுனைப் பிளக்கின் பெரிய முனையை மட்டும் உடைத்துவிடாதீர்கள். அது எர்த். அதன் வேலை இசைக்கு அல்ல, உயிருக்கு.

காது என்ன சொல்கிறது?

இத்தனையும் காதுக்குத் தெரியுமா என்பது நியாயமான கேள்வி. சிலது தெரியும், சிலது தெரியாது. எது எது என்று அறிந்துகொண்டால் பணம் மிச்சம்.

ஜிட்டரை எடுத்துக்கொள்வோம். 20,000 ஹெர்ட்ஸில் முழு வீச்சில் ஓடும் அலையில், 16 பிட் ஏணியின் அரைப்படி அளவு பிழை வர ஏறத்தாழ 120 பிக்கோவினாடி நடுக்கம் போதும். காகிதத்தில் பயமுறுத்தும் எண். ஆனால் அது பயிற்சி பெற்ற காதுக்கு எங்கே தட்டுப்படத் தொடங்குகிறது என்று ஜப்பானில் அஷிஹாரா குழுவினர் செய்த ஆய்வு 2005-இல் வெளிவந்தது. சீரற்ற நடுக்கத்துக்கு அவர்கள் கண்ட எல்லை சில நூறு நானோவினாடி. அரைப்படிக் கணக்கைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல்.

உயர்தரக் கோப்புகளைப் பற்றியும் இதே கதை. 2007-இல் பிராட் மேயர், டேவிட் மோரன் இருவரும் உயர்தர ஒலிக்கும் அதே ஒலியைச் சி.டி. தரத்துக்கு இறக்கியதற்கும் வித்தியாசம் தெரிகிறதா என்று மறைத்து வைத்துச் சோதித்ததை வெளியிட்டார்கள். 554 முறையில் 276 முறை சரியான விடை. நாணயத்தைச் சுண்டினாலும் அதே எண்ணிக்கைதான் வரும். 2016-இல் லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரீஸ் 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சரியான விடை 52.3 விழுக்காடு. வித்தியாசம் இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது. உலகமே மாறிவிடும் என்று விற்கவும் முடியாது.

ஆனால் வற்றிய தொட்டியின் 'டிக்' யாருக்கும் கேட்கும். தரை வளையத்தின் ரீங்காரம் கேட்கும். மோசமான வேகமாற்றம் கேட்கலாம். இவற்றைச் சரிசெய்யக் காசு அநேகமாகச் செலவாகாது. கேட்காதவற்றுக்குத்தான் விலை அதிகம்.

சரிபார்த்துவிட்டு மூடுங்கள்

எல்லாம் சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? டாக்கின் முகத்தில் எண் காட்டும் திரை இருந்தால், சி.டி. பாட்டுக்கு 44.1 காட்டுகிறதா என்று பாருங்கள். 96 கோப்புக்கு 96 வர வேண்டும். எதைப் போட்டாலும் 48 என்றே நின்றால் யாரோ வழியில் விளாவுகிறார்கள்.

திரை இல்லாத டாக் என்றால் லினக்ஸிடமே கேட்கலாம். 'ப்ராக்' கோப்புறைக்குள் 'அசவுண்ட்' என்று ஒன்று இருக்கும். அதில் உங்கள் டாக்கின் அட்டைக்குக் கீழே 'ஸ்ட்ரீம்' என்று தொடங்கும் கோப்பு. பாட்டு ஓடும்போது அதைத் திறந்தால் இந்த அத்தியாயம் முழுவதும் பத்து வரியில் எழுதியிருக்கும்: டாக் ஏசிங்க்ரனஸா அடாப்டிவா, எந்தெந்த வேகங்கள் அதற்குத் தெரியும், இந்தக் கணத்தில் எந்த வேகத்தில் ஓடுகிறது, எத்தனை பிட். தாளம் யார் கையில் என்பதற்கு விடை அந்த வரிகளில் இருக்கிறது.

கடைசியாக, ஒரு மணி நேரத் தம்புரா ஒலிப்பதிவு ஒன்றை ஓடவிட்டு, பக்கத்தில் அமர்ந்து வேறு வேலை பாருங்கள். பாட்டுப் பட்டியலைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். வன்தட்டில் எதையாவது நகலெடுங்கள். சர்வரை வேண்டுமென்றே திண்டாட விடுங்கள். அப்போதும் தம்புரா அறுபடாமல் ஓடினால் உங்கள் சர்வர் தேறிவிட்டது. அமைப்புப் பக்கத்தை மூடிவிட்டு, பிறகு அந்தப் பக்கம் போகாதீர்கள். சர்வரிடம் நாம் கேட்பது இரண்டுதான்: கொடுத்ததை மாற்றாதே, கேட்கும்போது கொடு. இதற்கு மேல் அங்கே திருத்துவதற்கு ஒன்றுமில்லை.

என் தொட்டி இன்னும் 4,096-இல்தான் இருக்கிறது. இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் 'டிக்' என்று கேட்டால் அது பல்லிதான்.